தைராய்டு மாத்திரையின் அளவு மாறும்போது: ஆறு வாரத்தைச் சரியாகக் கடக்க முழுமையான வழிகாட்டி

டோஸ் கூட்டி 18 நாள் ஆகியிருந்த ஒரு பெண் புது ரிப்போர்ட்டோடு கடைக்கு வந்தார். டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறும் ரத்தப் பரிசோதனை எண்) இன்னும் 9-இல் நிற்கிறது, 75 மைக்ரோகிராம் வேலை செய்யவில்லை, 100 கொடுத்துவிடுங்கள் என்றார். மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ரத்தம் கொடுக்கத் தேர்ந்தெடுத்த நாள்தான் தவறு. இன்னும் மூன்று நான்கு வாரம் பொறுத்திருந்தால் பரிசோதனைக் காசு மிச்சம். அந்த இரவின் தூக்கமும் கெட்டிருக்காது.

நான் மருந்தாளுநர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் மருந்துக்கடையில் 16 ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அதில் 11 ஆண்டுகளாக நானும் இதே மாத்திரையைச் சாப்பிடுகிறேன். புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுள் சிலவற்றில் நானும் விழுந்திருக்கிறேன்.

தைராய்டு குறைவாகச் சுரப்பதால் லெவோதைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கானது இது. அதிகமாகச் சுரப்பவர்களின் சிகிச்சை வேறு. எத்தனை மைக்ரோகிராம் என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அந்த முடிவு சரியான தகவலின் மேல் நிற்பதற்கு நீங்கள் செய்ய வேண்டியவை கீழே இருக்கின்றன. வரிசையை மாற்றாதீர்கள், மூன்றாவது படியை முடிக்காமல் டோஸைக் கூட்டியதால் வந்த குழப்பங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

1. மருத்துவரைப் பார்க்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். கடைசி ரிப்போர்ட் மட்டும் போதாது. டிஎஸ்எச் 8 என்றால், அது 14-இலிருந்து இறங்கி வந்த 8-ஆ, 3-இலிருந்து ஏறிப்போன 8-ஆ என்பது ஒற்றைத் தாளில் தெரியாது. முதலாவதில் மருந்து பலன் தருகிறது. இரண்டாவதில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

இன்றைய உடல் எடை வேண்டும். சுரப்பி முழுவதும் செயலிழந்தவருக்கும், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்டவருக்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 100-ஐ ஒட்டி வரும். சுரப்பி பாதியாவது உழைக்கும் உடம்புக்கு அதைவிடக் குறைவாகவே போதும். எதிர்வீட்டு அக்கா 125 சாப்பிடுகிறாரே என்று ஒப்பிடுவதில் பொருளில்லை.

வீட்டிலிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் மாத்திரை, முடி உதிர்வுக்கு வாங்கியது, நாட்டு மருந்துப் பொடி எதையும் விடாதீர்கள். வேறு மருந்து எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் என்னிடம் கால்சியம் மாத்திரை கேட்பவர்கள் உண்டு. அது மருந்துக் கணக்கில் சேரும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை சில உண்டு. இதய நோய் இருந்தால், அல்லது வயது அறுபதைத் தாண்டியிருந்தால், 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். திடீரென்று கூட்டினால் இதயத்தின் வேலைப்பளு ஏறும். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை தைராக்சினை (சுரப்பி தரும் ஹார்மோன், மாத்திரையில் இருப்பதும் அதுதான்) வேகமாகக் கரைத்துவிடுவதால் கூடுதல் டோஸ் தேவைப்படலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு தைராய்டு டோஸ் கூடும்போது வார்ஃபரினின் வீரியமும் கூடும். அதற்கான பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டியிருக்கும். அட்ரினல் அல்லது பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு உண்டு என்று எப்போதாவது யாராவது சொல்லியிருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அட்ரினல் குறைபாட்டைக் கவனிக்காமல் தைராக்சினைத் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

2. சீட்டையும் பாட்டிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்

25, 125 இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 12.5, 125 இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி. அவசரத்தில் எழுதிய சீட்டிலும் அவசரத்தில் படிக்கும் கண்ணிலும் அந்தப் புள்ளி மறையும். கடையை விட்டு நகரும் முன் பாட்டிலில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். நல்ல மருந்தாளுநர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

மில்லிகிராம் கணக்கில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். 0.1 மில்லிகிராம் என்றால் 100 மைக்ரோகிராம்.

தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. எது உயர்ந்தது என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. எந்தப் பெயரில் தொடங்கினீர்களோ அதிலேயே நில்லுங்கள் என்பதுதான் என் பதில். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான் என்றாலும், சேர்மானங்கள் மாறும்போது உடல் உறிஞ்சும் அளவும் சிறிது மாறலாம். டோஸைச் சரிசெய்துகொண்டிருக்கும் காலத்தில் அந்தச் சிறிய மாற்றமும் கணக்கைக் குழப்பும். வேறு வழியின்றி மாற்ற நேர்ந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாட்டிலைத் திறந்த அன்றே அதன் மேல் தேதியை எழுதுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில் தெரியும். சமையலறை ஜன்னலும் குளியலறை அலமாரியும் இதற்கு ஆகாத இடங்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும்.

3. சாப்பிடும் நேரத்தை நிலைப்படுத்துங்கள்

டோஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். வாய்க்குள் போகும் 75-இல் ரத்தத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை வயிற்றின் நிலை தீர்மானிக்கிறது. அது நாளுக்கு நாள் மாறினால் நீங்கள் சாப்பிடுவது 75 அன்று. ஒரு நாள் 60, ஒரு நாள் 45 என்று யாருக்கும் தெரியாத ஓர் எண்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. அதன்பின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் வேறு எதுவும் வேண்டாம். பால், கஞ்சி, தேன் கலந்த வெந்நீர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் எல்லாம் அந்த "எதுவும்" என்பதற்குள் அடக்கம்.

காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காபி இந்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பால் கலக்காத காபியும் அப்படித்தான். கும்பகோணம் டிகிரி காபியின் தேசத்தில் இதைச் சொல்லி நான் வாங்கிய முறைப்புகள் கொஞ்சமல்ல. ஐந்தரைக்கு எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டு ஆறரை மணிக்குக் காபி குடிப்பவருக்குச் சிக்கலில்லை. காபி டம்ளரோடு சேர்த்தே மாத்திரையை விழுங்குபவருக்குத்தான் டிஎஸ்எச் இறங்க மறுக்கும்.

காலையில் ஒரு மணி நேரம் சாத்தியமே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். நான்கு மணிக்கு எழுந்து கடை திறப்பவர், கைக்குழந்தைக்காரி, இரவுப் பணி பார்ப்பவர். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரவுக்கு மாறலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்து, படுக்கப் போகும்போது. ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கும் இந்த வழி உதவும்: நோன்பு திறந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது, அல்லது சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதம் முழுவதும் அதிலேயே இருங்கள்.

கால்சியமும் இரும்புச்சத்தும் இந்த மாத்திரையைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இடையே நான்கு மணி நேரம் வேண்டும். அமிலத்தை அடக்கக் குடிக்கும் மருந்துகளுக்கும் அதே இடைவெளிதான். பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகளின் கதை வேறு. அவை நாள் முழுவதும் வயிற்றின் அமிலத்தைக் குறைத்து வைப்பதால் இடைவெளி விட்டும் பெரிய பயனில்லை. தினமும் சாப்பிடுவதானால் தினமும் சாப்பிடுங்கள், டோஸை அதற்கேற்ப மருத்துவர் அமைத்துக்கொள்வார். நினைத்தால் சாப்பிடுவது, நினைத்தால் நிறுத்துவது என்றிருந்தால் டிஎஸ்எச் ஊஞ்சலாடும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பற்றிக் கேட்பவர்களுக்கு: சமைத்து, வழக்கமான அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். வீட்டில் அயோடின் கலந்த உப்பு இருந்தால் போதும். தனியாக அயோடின் மாத்திரையோ கடற்பாசி மாத்திரையோ வாங்கிச் சாப்பிடாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும். சோயா உணவு வழக்கமாக உண்டென்றால் மாத்திரைக்கு நெருக்கமாக வேண்டாம்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. அன்றே நினைவு வந்தால், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒன்று மட்டும். மருத்துவர் சொல்லாமல் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம்.

4. அறிகுறிகளை இன்றே எழுதி வையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். டோஸ் மாறும் முன் எழுதி வைக்காவிட்டால், ஆறு வாரம் கழித்து எதனோடு ஒப்பிடுவீர்கள்? மெதுவாக வரும் மாற்றம் அனுபவிப்பவருக்கே தெரியாது.

"சோர்வு" என்று எழுதாதீர்கள், எண்ணக்கூடியதாக எழுதுங்கள். என்னிடம் தொடர்ந்து மருந்து வாங்கும் ஓர் ஆசிரியை காட்டிய நோட்டிலிருந்து முதல் ஞாயிறு: "எடை 67.4. காலையில் நாடி 58. மலம் மூன்று நாளுக்கு ஒருமுறை. மாடிப்படியில் பாதியில் நின்றேன். மதியத் தூக்கம் ஏழு நாளும். மோதிரம் கழற்ற வரவில்லை."

ஆறாவது ஞாயிறு: "எடை 66.1. நாடி 68. மலம் ஒருநாள் விட்டு ஒருநாள். மாடிப்படியில் நிற்கவில்லை. மதியத் தூக்கம் மூன்று நாள். மோதிரம் சோப்பு போட்டால் வருகிறது."

அதே ஞாயிறு மாலை கடைக்கு வந்து, ஒன்றும் மாறவில்லை என்றுதான் அவர் சொன்னார். நோட்டைத் திறந்து இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார்.

வாரத்துக்கு ஒரு நாள் போதும். தினமும் எழுதினால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டு மனம் அலைபாயும். நாடியைக் காலையில், காபிக்கு முன், உட்கார்ந்த நிலையில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். டோஸ் மிஞ்சிப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

5. டோஸ் மாறிய நாளைக் குறித்து ஆறு வாரம் எண்ணுங்கள்

தினசரி நாட்காட்டியைக் கிழித்துவிடுவோம். மாத நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அங்கிருந்து ஆறு வாரம் எண்ணி இன்னொரு வட்டம். மருத்துவர் எட்டு வாரம் சொன்னால் எட்டு.

ஆறு வாரம் எங்கிருந்து வருகிறது? தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். தினமும் புதிய அளவைச் சாப்பிட்டு வந்தால் முதல் வாரத்தின் முடிவில் மாற்றத்தின் பாதிதான் நடந்திருக்கும். இரண்டாவது வாரத்தில் 75 விழுக்காடு, மூன்றாவதில் 87, நான்காவதில் 94, ஐந்தாவதில் 97. ரத்தத்தில் அளவு நிலைக்கவே ஐந்து வாரம் போய்விடுகிறது.

டிஎஸ்எச் அதற்கும் பின்னால் வருவது. அதைச் சுரப்பது மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி. ரத்தத்தில் தைராக்சின் போதவில்லை என்றால் டிஎஸ்எச்சைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். நீண்ட நாள் பற்றாக்குறையில் இருந்த பிட்யூட்டரி, நிலைமை சரியானதும் உடனே கையை எடுத்துவிடாது. மூன்றாவது வாரத்தில் எடுக்கும் டிஎஸ்எச் பழைய டோஸும் புதிய டோஸும் கலந்த ஓர் எண். அதை வைத்து மறுபடி கூட்டினால் இரண்டு கூட்டல்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரண்டாவது மாதத்தில் படபடப்போடு மருத்துவமனைக்குப் போக நேரும்.

ஒவ்வொரு முறையும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம்தான் மாற்றுவார்கள். இவ்வளவு சிறிதா என்று ஏமாற வேண்டாம். சிலருக்கு "திங்கள் முதல் வெள்ளி வரை 100, சனி ஞாயிறு 125" என்று எழுதியிருக்கும். கிழமைக்கு ஒரு மருந்தா என்று குழம்புவார்கள். வாரத்துக்கு 750, ஏழால் வகுத்தால் நாளுக்கு 107. மருந்து மெதுவாகக் கரைவதால் உடம்புக்குச் சராசரிதான் தெரியும், கிழமை தெரியாது.

இந்த ஆறு வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புதிய சத்து மாத்திரை, புதிய உணவுமுறை, மருந்து கம்பெனி மாற்றம், காலையிலிருந்து இரவுக்கு மாறுதல் எதுவும் வேண்டாம். இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது, கெடுதல் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

6. எது முதலில் மாறும், எது கடைசியில் மாறும்

முதல் பத்து நாளில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சிலருக்கு இலேசான படபடப்பும் தூக்கக் குறைவும் வந்து தானே அடங்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் குளிர் தாங்காமை, மலச்சிக்கல், காலை நேர மந்தம் ஆகியவற்றில் அசைவு தெரியத் தொடங்கும். முக வீக்கமும் விரல் வீக்கமும் நீர் இறங்க இறங்கக் குறையும். மாதவிடாய் ஒழுங்குபடச் சில சுற்றுகள் ஆகும். கொழுப்பின் அளவு குறைவதும் மாதக் கணக்கில்தான்.

முடிதான் கடைசி. இன்று சீப்பில் வரும் முடி, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திவிட்ட முடி. மாத்திரை தொடங்கிய பிறகும் சில மாதம் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாகவும் கொட்டலாம். மாத்திரையால்தான் கொட்டுகிறது என்று நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து.

எடையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோ. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். அது இறங்கும். மீதிப் பத்து கிலோவுக்கு இந்த மாத்திரையிடம் பதிலில்லை. எடை குறைக்கவென்று டோஸைக் கூட்டிச் சாப்பிட்டால் குறைவது எலும்பின் வலிமையும் இதயத்தின் ஒழுங்கும்தான்.

ஆறு வாரம் காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டிய நிலைகள்: உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டுவது, துடிப்பு தாளம் தப்புவது, கை நடுக்கம், ஓயாத வியர்வை, காரணமின்றி வேகமாக எடை இறங்குவது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடுமையான தைராய்டு குறைவுள்ள முதியவர் உடல் சில்லிட்டு, எழுப்பினாலும் தெளியாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். சோர்வு என்று போர்த்திவிட்டு உட்காரக் கூடாது.

7. ரத்தம் கொடுக்கும் காலை

எப்போதும் ஒரே லேப், ஏறத்தாழ ஒரே நேரம். டிஎஸ்எச் நள்ளிரவிலிருந்து அதிகாலை வரை உயர்ந்திருக்கும், பிற்பகலில் தாழும். போன முறை காலை ஏழு மணிக்கும் இந்த முறை மதியம் மூன்று மணிக்கும் கொடுத்துவிட்டு, இறங்கியிருக்கிறது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

அன்று மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடுங்கள். முன்பே விழுங்கிவிட்டால் அடுத்த சில மணி நேரங்களுக்கு ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் தைராக்சினின் அளவு) செயற்கையாக உயர்ந்து தெரியும். மாத்திரையைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அன்றைய டோஸ் விட்டுப்போகும்.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கிறது. அது உடம்பைக் கெடுக்காது, பரிசோதனையைக் கெடுக்கும். சில கருவிகளில் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் ஃப்ரீ டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக வீரியமுள்ளது என்றால் எத்தனை நாள் என்று லேபில் கேளுங்கள்.

கடும் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட மருத்துவரிடம் கேளுங்கள். நோயின்போதும் அது தெளியும்போதும் இந்த எண்கள் நிலையாக இருக்காது.

8. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

டிஎஸ்எச்சுக்கு வழக்கமான எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. லேபுக்கு லேப் சற்று மாறும். தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். டிஎஸ்எச் 40-இலிருந்து ஆறு வாரத்தில் 12-க்கு வந்திருந்தால் அதுவும் தடித்த எழுத்தில்தான் இருக்கும், ஆனால் நல்ல செய்தி.

டிஎஸ்எச் நேர்கோட்டில் நடப்பதில்லை. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் ஏறத்தாழ நூறு மடங்கு ஏறக்கூடும். இதனால்தான் எண் 6-இலிருந்து 3 ஆவதற்கு மிகச் சிறிய டோஸ் மாற்றமே போதுமாக இருக்கிறது. "பாதிதான் இறங்கியது, அப்படியானால் இன்னும் இரண்டு மடங்கு மருந்து" என்ற கணக்கு இங்கே செல்லாது. பிட்யூட்டரியே பழுதானவர்களுக்கு டிஎஸ்எச்சை நம்ப முடியாது. ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான் பார்ப்பார்கள்.

டிஎஸ்எச்சும் ஏறியிருக்கிறது, ஃப்ரீ டி4-உம் நன்றாக இருக்கிறது என்றால் நான் முதலில் கேட்பது: கடந்த வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா? பல வாரம் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் கணக்காகச் சாப்பிட்டால் இப்படி வரும். ஃப்ரீ டி4 அண்மை நாட்களைச் சொல்கிறது, டிஎஸ்எச் பழைய வாரங்களை நினைவில் வைத்திருக்கிறது.

இங்கேதான் பாட்டிலில் எழுதிய தேதி உதவும். ஒரு பெரியவர், ஒரு நாளும் விட்டதில்லை என்று சத்தியம் செய்தார். மருத்துவரும் நம்பி டோஸைக் கூட்டி எழுதியிருந்தார். 120 மாத்திரை பாட்டில், திறந்து 45 நாள் ஆகியிருந்தது. 75 மீதம் இருக்க வேண்டும். தட்டில் கொட்டி இருவருமாக எண்ணினோம்: 88. பதின்மூன்று நாள் விட்டுப்போயிருக்கிறது, அவருக்கே தெரியாமல். மருத்துவரை அழைத்துச் சொன்னேன். பழைய டோஸையே ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார். கிழமை எழுதிய ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கிப் போனார். அடுத்த ரிப்போர்ட் எல்லைக்குள் வந்தது.

டோஸைக் கூட்டும் முன் மாத்திரையை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மூன்றாவது படிக்குத் திரும்பிக் காபியையும் கால்சியத்தையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால்தான் அளவு போதவில்லை என்ற பேச்சு.

9. எண் சரியாகிவிட்டது, சோர்வு போகவில்லை

டிஎஸ்எச் எல்லைக்குள் வந்த அன்றே உடம்பு தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தசைக்கும் தோலுக்கும் இன்னும் இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். அதற்குப் பிறகும் நோட்டில் எந்த அசைவும் இல்லையென்றால் தைராய்டை விட்டுவிட்டு வேறு பக்கம் தேட வேண்டும்.

ரத்தசோகை, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு: சோர்வுக்கு இத்தனை வாசல்கள். தைராய்டு இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் எல்லாப் பழியும் அதன் மேல் விழுகிறது. எனக்கே ஓராண்டு அப்படிப் போனது. டிஎஸ்எச் 2.1, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 8.9 என்று தெரிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மருந்துக்கடையிலேயே நின்றுகொண்டு இது தோன்றாமல் போனதை இன்றைக்கும் என் மகள் சொல்லிக் காட்டுவாள்.

டி3 (தைராய்டின் இன்னொரு ஹார்மோன்) மாத்திரையும் சேர்த்தால் நன்றாக இருக்குமா என்று சிலர் கேட்பார்கள். அது எல்லோருக்குமான வழியன்று. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் பேச வேண்டியது.

10. நிலைத்த பிறகு

ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு வாரம் வித்தியாசமே தெரியாது, மருந்து மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று நம்பியவர்கள் மூன்றாவது மாதம் வீங்கிய முகத்தோடு வருவார்கள்.

இடையில் முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டிய மாற்றங்கள் உண்டு: எடை பெரிதாக ஏறுவது அல்லது இறங்குவது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தொடங்குவது அல்லது நிறுத்துவது, முன்பு சொன்ன வலிப்பு, காசநோய் மருந்துகள், மருந்து கம்பெனி மாறுவது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி அதே ஆறு வாரக் கணக்குத்தான்.

கர்ப்பம் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் உறுதியானால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம். தாயின் தேவையும் அப்போதே ஏறத் தொடங்கிவிடும். பெரும்பாலும் 25 முதல் 30 விழுக்காடு கூட்டுவார்கள். பாதிக் கர்ப்பகாலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பார்கள். குழந்தைக்கு ஆகாது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மாமியாரும் அத்தையும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நிறுத்தினால்தான் ஆகாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வாங்கி வந்ததும் தைராய்டு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தைராய்டு காலையில் படுக்கையருகே, இரும்புச்சத்து மதியச் சாப்பாட்டு மேசையில், கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்கு எடுக்கும் தட்டின் அருகே. மூன்றும் மூன்று இடத்தில் இருந்தால் கை தானாகவே இடைவெளி விட்டுவிடும்.